இரண்டு உடன்படிக்கைகள்

என்னிடமிருந்து வாங்கிப்போன புஸ்தகம் ஒன்றை நண்பர் ஒருவர் சென்ற வாரம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். 'கிளேவ் இளவரசி' என்ற பிரெஞ்சு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. "கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஸார். ஆனால் ஆரம்பத்தில் ராஜாக்கள், பிரபுக்கள், சமாதானப் பேச்சு என்று ஏகப்பட்ட பக்கம் போகிறதே, அதையெல்லாம் தள்ளிவிட்டேன். அந்தப் பெண் வந்த இடத்திலிருந்துதான் படித்தேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதல் தடவை படித்தபோது நானும் அதையேதான் செய்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை. யார் யாருக்கு மைத்துனன், யார் எந்தக் கட்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வருஷங்கள் கழித்து, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு வாரத்தில், வேறு வேலை இல்லாததால் முதல் எழுத்திலிருந்து படித்தேன். அப்போதுதான் நான் தள்ளிவிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. இந்த நாவல் இரண்டு சமாதான உடன்படிக்கைகளைப் பற்றியது. ஒன்றை இரண்டு ராஜாக்கள் செய்துகொள்கிறார்கள். மற்றொன்றை ஒரு மனைவி தன் புருஷனோடு செய்துகொள்ளப் பார்க்கிறாள். முதலாவது என்னவென்று தெரியாமல் இரண்டாவதைப் படித்தால், அவள் ஏதோ அசட்டுப் பெண் என்று தோன்றிவிடும். என் நண்பருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

புஸ்தகம் 1678-இல் பாரிஸில் வெளிவந்தது. நான்கு சிறு பாகங்கள். ஆசிரியர் பெயர் கிடையாது. எழுதியவர் மதாம் த லாஃபாயெத் என்ற சீமாட்டி என்பது அப்போதே ஊரறிந்த ரகசியம். அவரைக் கேட்டால் மட்டும் 'நான் இல்லை' என்றார். ஒரு கடிதத்தில் அப்படி மறுத்துவிட்டு, அதே கடிதத்தில் புஸ்தகத்தை மனம் குளிரப் பாராட்டியும் இருக்கிறார். பெயர் போட்டு எழுதுகிற எங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

கதை நடக்கும் காலம் அவருக்கு நூற்றிருபது வருஷம் முந்தியது. 1558-ஆம் வருஷக் கடைசியும் 1559-ம். பிரான்சில் இரண்டாம் ஹென்றி ராஜா. ஸ்பெயினில் இரண்டாம் பிலிப். இருவருக்கும் போர் பரம்பரைச் சொத்தாக வந்தது. 1494-இல் ஒரு பிரெஞ்சு ராஜா ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கி, நேப்பிள்ஸில் தனக்குப் பாத்தியதை உண்டு என்றான். அன்று தொடங்கிய சண்டை அறுபத்தைந்து வருஷம் விட்டு விட்டு நடந்தது. ஹென்றியின் தகப்பன் முதலாம் பிரான்சிஸும், பிலிப்பின் தகப்பன் ஐந்தாம் சார்லஸும் ஆயுள் பூராவும் அடித்துக்கொண்டார்கள். நடுநடுவே சமாதானமும் செய்துகொண்டார்கள். 1526-இல் மாட்ரிடில், 1529-இல் காம்ப்ரேயில், 1544-இல் கிரேப்பியில்.

இந்த மாட்ரிட் சமாதானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரான்சிஸ் போரில் பிடிபட்டுச் சிறையில் இருந்தான். கேட்டதையெல்லாம் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டான். தான் வெளியே வருவதற்குப் பிணையாகத் தன் இரண்டு பிள்ளைகளை ஸ்பெயினுக்கு அனுப்பினான். வெளியே வந்ததும், வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது என்றுவிட்டான். பிள்ளைகள் அங்கேயே கிடந்தார்கள். இளையவனுக்குப் போகும்போது ஏழு வயது நிரம்பவில்லை. திரும்பி வரும்போது பதினொரு வயது. அந்த இளையவன்தான் இந்த நாவலில் ராஜாவாக வரும் ஹென்றி. கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன், அதற்கு ஈடு கட்டுகிறவன் இன்னொருவன் என்ற சம்பிரதாயத்தைக் குழந்தைப் பருவத்திலேயே உடம்பால் தெரிந்துகொண்டவன்.

1557 ஆகஸ்டில் ஸான் காந்தான் என்ற இடத்தில் ஸ்பெயின் பிரெஞ்சுப் படையை நொறுக்கியது. ஹென்றிக்கு மிகவும் வேண்டியவரான பிரதம சேனாதிபதி மோன்மொரான்ஸியே கைதியானார். அடுத்த ஜனவரியில் கீஸ் பிரபு, இங்கிலாந்து இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த கலே துறைமுகத்தைச் சில நாளில் பிடித்துப் பழியைத் தீர்த்துக்கொண்டார். ஆனால் இரண்டு பக்கமும் கஜானா காலி. பிலிப் 1557-இலேயே கடன்காரர்களுக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டான். ஹென்றியாலும் தன் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. புது மதப் பிரசாரம் இரண்டு ராஜ்யங்களிலும் பரவிக்கொண்டிருந்தது. அதை அடக்க வேண்டும் என்ற கவலை வேறு. ஆக, சமாதானம் வந்தது. 1558 அக்டோபரில் செர்க்காம் மடத்தில் பேச்சுத் தொடங்கி, 1559 ஏப்ரல் 2, 3 தேதிகளில் கத்தோ-காம்ப்ரேஸி என்ற ஊரில் முடிந்தது. பிரான்ஸ் ஸவாய், பீட்மாண்ட் முதலிய பிரதேசங்களைச் சில கோட்டைகள் தவிர விட்டுக்கொடுத்தது. இத்தாலியக் கனவும் அதோடு போயிற்று. மெட்ஸ், தூல், வெர்தன் மூன்று நகரங்களும் கையில் நின்றன. கலேயை எட்டு வருஷம் வைத்துக்கொண்டு பிறகு இங்கிலாந்துக்குத் தருவது, தராவிட்டால் ஐந்து லட்சம் கிரவுன் கொடுப்பது என்று ஒரு ஷரத்து. (தரவே இல்லை.)

பூமிக் கணக்கு இப்படி. சமாதானத்தை ஒட்டிவைக்கிற பசை வேறு. ஹென்றியின் மூத்த மகள் எலிஸபெத்தை பிலிப்பின் மகன் டான் கார்லஸுக்குக் கொடுப்பதென்று முதலில் பேச்சு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நவம்பர் 17-ஆம் தேதி பிலிப்பின் மனைவியான இங்கிலாந்து ராணி மேரி இறந்துபோனாள். மாப்பிள்ளை மாறியது. பிள்ளைக்குப் பேசின பெண்ணைத் தகப்பனுக்கு முடித்தார்கள். பெண்ணுக்குப் பதினான்கு வயது, பிலிப்புக்கு 32. ஹென்றியின் தங்கை மார்கெரித், 36 வயது வரை கலியாணமாகாதவள், படித்தவள், கவிஞர்களை ஆதரித்தவள். அவள் ஸவாய்ப் பிரபுவுக்கு என்று இன்னொரு ஷரத்து. ஏழு வயதில் தகப்பனின் கையெழுத்துக்கு ஈடாக ஸ்பெயினுக்குப் போனவன், இப்போது தன் கையெழுத்துக்கு ஈடாக மகளை அதே ஸ்பெயினுக்கு அனுப்புகிறான். இதில் அவனுக்கு ஏதாவது உறுத்தியதா என்று சரித்திரக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை. நாவலாசிரியர் கேட்டிருக்கலாம். மதாம் த லாஃபாயெத் கேட்கவில்லை. ஒரு ராஜ்யத்துக் குமாஸ்தா எழுதுவதுபோல, இன்னார் இன்னார் பேசினார்கள், இன்னின்ன கலியாணங்கள் பிரதான ஷரத்து என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்.

அவர் விளக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய வாசகர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. 1659-இல், கத்தோ-காம்ப்ரேஸிக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் மலையடிவாரத்தில் மறுபடியும் ஒரு சமாதானம் செய்துகொண்டன. அதற்கும் பசை ஒரு பெண்தான். 1660-இல் பதினான்காம் லூயி ஸ்பெயின் ராஜகுமாரி மரியா தெரேஸாவை மணந்தான். நாவல் வெளிவந்தபோது அந்த அம்மாள் பிரான்சின் ராணியாக, ராஜாவின் காதலிகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்தாள். மறுபடி ஸ்பெயினோடு போர் நடந்து, நைமேகன் நகரில் சமாதானப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் கையெழுத்தாயிற்று. அந்த வாசகர்கள் முதல் பக்கங்களைத் தள்ளியிருக்க மாட்டார்கள்.

இனி கதைக்கு வருகிறேன். கதாநாயகி கற்பனை, அவளைச் சுற்றியிருக்கிற எல்லோரும் அநேகமாகச் சரித்திரத்தில் உள்ளவர்கள். பதினாறு வயதுப் பெண். தகப்பன் இல்லை. தாய் அவளை அரண்மனைக்கு வெளியே வைத்து வளர்த்தாள். மற்றத் தாய்மார்கள் காதல் என்ற பேச்சையே பெண்ணின் காதில் போடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தபோது, இந்தத் தாய் அதன் இனிமையையும் சொல்லி, அதன் ஆபத்தையும் சொல்லி வளர்த்தாள். பிறகு மாப்பிள்ளை தேட அரண்மனைக்கு அழைத்து வருகிறாள். பெண்ணோ பேரழகி, பெரிய சொத்துக்காரி. ஆனாலும் வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போகின்றன. இந்தக் குடும்பம் அந்தக் கட்சி, அந்தக் குடும்பத்தின் மேல் ராஜாவின் ஆசைநாயகிக்குக் கோபம், இன்னொரு பையனின் தகப்பனுக்கு இஷ்டமில்லை. அந்தத் தகப்பன் காலமான பிறகு கிளேவ் இளவரசன் தானே வந்து கேட்கிறான். நகைக்கடை ஒன்றில் அவளைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு அவள் நினைவுதான். அவளுக்கு அவன்மேல் மரியாதை உண்டு, வெறுப்பு இல்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கலியாணம் நடக்கிறது. ராஜாக்களின் சமாதானம் எப்படி முடிந்ததோ அப்படித்தான் இதுவும் முடிந்தது என்பதைக் கவனித்தால், முன்பாதிப் பக்கங்கள் எதற்கு என்று புரிந்துவிடும்.

கலியாணத்துக்குப் பிறகு அவள் நெமூர் பிரபுவைப் பார்க்கிறாள். எங்கே? ராஜாவின் இரண்டாவது பெண்ணுக்கும் லொரேன் பிரபுவுக்கும் நிச்சயதார்த்தம் நடக்கிற அன்று, அரண்மனை நடனத்தில். அவன் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வருகிறான். இருவரும் ஆடட்டும் என்கிறான் ராஜா. இந்த நெமூர் அப்போது இங்கிலாந்தின் புது ராணியை மணக்கப்போகிறவன் என்று பேச்சு, அதுவும் ராஜதந்திரம்தான். ஆடின அன்றிலிருந்து அவனுக்கு இங்கிலாந்து மறந்துபோகிறது. ஒரு சிம்மாசனத்தையே இவளுக்காக விட்டான் என்று ஊர் பேசும்போது, அவள் மனசும் போய்விடுகிறது. தாய் சாகும் தறுவாயில் இதைக் கண்டுகொண்டு எச்சரித்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள்.

இப்போது அந்தப் பெண்ணுக்குத் துணை யாரும் இல்லை. அரண்மனையில் இருந்தால் தினமும் அவனைப் பார்க்க வேண்டும். கிராமத்து மாளிகைக்குப் போய் இருந்துவிடலாம் என்று பார்க்கிறாள். ஏன் வர மறுக்கிறாய் என்று புருஷன் துளைக்கிறான். கூலோமியே என்ற ஊரில், தோட்டத்து மண்டபத்தில், அவன் காலடியில் விழுந்து அவள் சொல்லிவிடுகிறாள்: அரண்மனையை விட்டு விலகியிருக்க எனக்குக் காரணம் இருக்கிறது, நடத்தையில் தவறவில்லை, தவறாமல் இருக்க நீங்கள்தான் எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று. பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இந்த இடம் பிரான்சையே இரண்டாக்கியது. 'மெர்க்யூர் கலான்' என்ற பத்திரிகை அந்த வருஷமே வாசகர்களை ஒரு கேள்வி கேட்டது: இப்படி ஒரு நிலைமையில் மனைவி புருஷனிடம் சொல்லலாமா? பதில்கள் குவிந்தன. கூடாது என்றவர்களே அதிகம். புஸி-ராபுத்தேன் என்ற பிரபு, உண்மைக் கதையானால் ஒழிய இப்படியொரு காட்சியை எழுதவே கூடாது என்ற பொருள்படக் கடிதம் எழுதினார். தொடர்கதை எழுதி வாசகர் கடிதங்களைப் பார்த்திருக்கிற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கதாநாயகி ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், அவளைப் பெற்றவர்கள்போல நானூறு பேர் கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் கேள்வியே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லலாமா, கூடாதா என்பதல்ல விஷயம். அவள் சொன்னது எதற்காக? புருஷனிடம் அவள் கேட்பது ஒரு சமாதானம். தன் கையில் இருப்பதை அவள் கொடுத்துவிடுகிறாள்: ஊர் மதிப்பு, அவன் கண்ணில் தனக்கு இருக்கிற நிறை, இனிமேல் ஒளிக்க முடியாது என்ற நிலை. அதற்குப் பதிலாக ஒரு பாதுகாப்பைக் கேட்கிறாள். ஒரே ஒரு விஷயத்தை ஷரத்துக்கு வெளியே வைக்கிறாள், அந்தப் பெயரை. இந்த நாவலில் அத்தனை உடன்படிக்கைகளிலும், கையெழுத்துப் போடுகிறவளும் ஈடு கட்டுகிறவளும் ஒருத்தியாக இருப்பது இது ஒன்றுதான். பதினான்கு வயது எலிஸபெத்தை யாரும் கேட்கவில்லை. மார்கெரித்தின் பெயர் ஸவாய் நிலத்தோடு சேர்ந்து எழுதப்பட்டது. இவளுடைய கலியாணத்தையே தாய்தான் பேசி முடித்தாள். முதல்முறையாக ஒருத்தி தன் பேரில் தானே பேச வாயைத் திறக்கிறாள். இதைப் போய்ப் புத்தியில்லாத காரியம் என்று எப்படிச் சொல்வது?

கிளேவ் இளவரசன் கெட்டவன் இல்லை. இலக்கியத்தில் வரும் புருஷர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் அவன். அவள் சொன்னதைக் கேட்டுத் துடித்துப்போகிறான். அதே சமயம் அவளுடைய நேர்மைக்குத் தலை வணங்குகிறான். உன்னைப்போல் ஒரு ஸ்திரீ இல்லை என்கிறான். அப்படிச் சொன்ன வாயாலேயே, 'யார் அவன்?' என்றும் கேட்டுவிடுகிறான். அந்த ஒரு பெயர் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

பெயரை அவன் எப்படித் தெரிந்துகொள்கிறான் என்பதில்தான் லாஃபாயெத் அம்மாளின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஸ்பெயினுக்குக் கலியாணமாகிப் போகும் எலிஸபெத்தைக் கொண்டுவிடுகிற கௌரவத்தை ராஜா கிளேவுக்குக் கொடுக்கிறான். அவன் அதை மனைவியிடம் சொல்லும்போது, நெமூரும் கூட வருகிறான் என்று ஒரு பொய்யைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறான். அவள் முகம் மாறுகிறது. 'அது உங்களுக்கு நல்லதல்லவே' என்பதுபோல் ஏதோ சொல்லித் தடுமாறுகிறாள். முடிந்தது. ராஜாக்களின் சமாதானப் பெண்ணைக் கொண்டுவிடும் யாத்திரையையே வைத்து இந்த வீட்டுச் சமாதானத்தின் ஒரே ஷரத்து மீறப்படுகிறது. ஆரம்பப் பக்கங்களைத் தள்ளியவருக்கு இது ஒரு பிரயாண ஏற்பாடு. படித்தவருக்கு நெஞ்சில் குத்தும்.

இதைவிடக் கொடுமை ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் மண்டபத்தில் மனம் திறந்தபோது நெமூர் பக்கத்து அறையில் மறைந்திருந்து முழுவதையும் கேட்டுவிட்டான். சந்தோஷம் தாங்காமல், பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்ததுபோல ஒரு சிநேகிதனிடம் சொல்கிறான். அவன் தன் காதலியிடம் சொல்கிறான். அவள் வழியாகப் பட்டத்து இளவரசனின் மனைவி மேரி ஸ்டூவர்ட்டுக்குப் போய், அவள் அதை ருசியான கதையாகக் கிளேவ் இளவரசியிடமே திருப்பிச் சொல்கிறாள், நெமூரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வீட்டுக்குத் திரும்பிய மனைவி, 'நீங்கள்தான் வெளியே சொல்லியிருக்க வேண்டும்' என்கிறாள். 'நீதான் சொல்லியிருக்க வேண்டும்' என்கிறான் அவன். இருவரும் சத்தியவான்கள், இருவரும் சொல்லவில்லை, இருவரும் அதை நிரூபிக்க முடியாது. நான் படித்த எந்தத் துப்பாக்கிச் சண்டையும் இந்த இரண்டு பக்கங்களைப்போல என்னைக் கலக்கியதில்லை.

மறைந்திருந்து கேட்பது நாடகத்தனம் என்று அந்தக் காலத்து விமர்சகர் வாலான்கூர் அப்போதே கண்டித்தார். வாஸ்தவம். நான் எழுதினாலும் அந்த இடத்தில் பத்திரிகாசிரியர் பேனாவால் கோடு கிழித்திருப்பார். கிளைக்கதைகளும் எல்லாம் தேறாது. ராஜாவின் ஆசைநாயகியின் பூர்வோத்தரமும், இறந்துபோன ஒருத்தி இரண்டு பேரை ஏமாற்றிய கதையும் தாயும் கணவனும் சொல்லும் பாடங்களாகப் பொருந்துகின்றன. இங்கிலாந்து ராணி ஆன் போலீனின் கதை வெறும் அரட்டை. அதைத் தள்ளியிருந்தால் என் நண்பரை நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

1559 ஜூன் 22-ஆம் தேதி பாரிஸில் எலிஸபெத்துக்குக் கலியாணம். மாப்பிள்ளை வரவில்லை, ஆல்பா பிரபு பிலிப்புக்குப் பிரதிநிதியாக நின்றார். கலியாணக் கொண்டாட்டமாக ஸாந்த் ஆந்துவான் தெருவில் ஈட்டிப் பந்தயம். இதற்கும் நாவலில் தனி வேலை இருக்கிறது. ஒவ்வொரு வீரனும் தன் காதலியின் நிறத்தை அணிகிறான். நெமூர் மஞ்சளும் கறுப்பும் அணிந்து வருகிறான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கிளேவ் இளவரசிக்கு மட்டும் புரிகிறது: தனக்கு மஞ்சள் பிடிக்கும், தலைமயிர் பொன்னிறமாக இருப்பதால் அதை உடுத்த முடியவில்லை என்று அவன் எதிரில் எப்போதோ சொல்லியிருந்தாள். ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு செய்தி. ஜூன் 30-ஆம் தேதி மாலை, போதும் என்று ராணி சொல்லியனுப்பியும் கேளாமல், ராஜா கடைசியாக ஓர் ஓட்டம் ஓடுகிறான். எதிரே காவற்படைத் தலைவன் மாண்ட்கொமரி. ஈட்டி முறிந்து மரச்சிலாம்பு ராஜாவின் கண்ணில் பாய்ந்தது. பிரெஞ்சு வைத்தியர் ஆம்ப்ரூவாஸ் பாரே பார்த்தார். பிலிப் தன் வைத்தியர் வெஸாலியஸை அனுப்பிவைத்தான். அறுபது வருஷத்து விரோதி வைத்தியனை அனுப்பியது சமாதானத்தின் முதல் பலன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பலிக்கவில்லை. ஜூலை 10-ஆம் தேதி ஹென்றி இறந்தான். அவன் சாகக் கிடந்த ராத்திரியில் அவசரம் அவசரமாக மார்கெரித்துக்கும் ஸவாய்ப் பிரபுவுக்கும் தாலி கட்டாத குறையாகக் கலியாணத்தை முடித்தார்கள். ஷரத்து ஷரத்துத்தானே.

லாஃபாயெத் அம்மாள் அந்த மரணத்தில் அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை. சில வரிகளில் அரண்மனை தலைகீழாகிறது. மோன்மொரான்ஸி ஒதுக்கப்படுகிறார்; கீஸ் குடும்பம் மேலே வருகிறது; ஆசைநாயகி வெளியே போகிறாள். அதன் பிறகு நடந்ததை அவர் எழுதவில்லை, வாசகர்களுக்குத் தெரியும். ஸ்பெயினோடு செய்த சமாதானம் 1595 வரை பெரும்பாலும் நிலைத்தது. பிரான்சுக்குள்ளேயோ 1562-இல் மதப்போர் வெடித்து, முப்பத்தாறு வருஷம் எரிந்தது.

கிளேவின் சாவு அந்தப் பந்தயத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு வருகிறது. கூலோமியேயில் அவள் தனியாக இருக்கிறாள். நெமூரைத் தொடர்ந்துபோகக் கணவன் ஓர் ஆளை அனுப்புகிறான். அவன் இரவில் தோட்டத்துக்குள் போனதையும் திரும்பி வந்ததையும் ஆள் வந்து சொல்கிறான். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த ஆளுக்குத் தெரியாது. கணவன் படுக்கையில் விழுகிறான். சாகும்போது அவன் சொல்லும் குறைதான் புஸ்தகத்திலேயே மிகவும் கசப்பானது: எத்தனையோ புருஷர்களைப்போல என்னையும் ஒன்றும் தெரியாதவனாகவே விட்டிருக்கக் கூடாதா என்று. அவள் தான் குற்றமற்றவள் என்று சொல்லி அவனைச் சற்றே நம்ப வைக்கிறாள். அவனுக்கு அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு வாழ அவகாசம் இல்லை.

அந்த இரவில் நெமூர் ஜன்னல் வழியாகப் பார்த்தது என்ன? அவள் ஒரு பிரம்புக்கு ரிப்பன் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அது ஒரு சமயம் அவன் வைத்திருந்த இந்தியப் பிரம்பு. (நம் ஊர்ச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு வினாடி சந்தோஷப்பட்டேன். 'இந்தியா' என்ற சொல்லுக்குள் அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் எத்தனை தேசங்களை அடைத்தார்கள் என்று நினைவு வந்ததும் அடக்கிக்கொண்டேன்.) ரிப்பன்களின் நிறம் பந்தயத்தில் அவன் அணிந்திருந்த நிறம். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு படத்தின் எதிரே போய் நிற்கிறாள். மெட்ஸ் நகர முற்றுகையைக் காட்டும் படம். அதில் அவன் உருவமும் இருக்கிறது. மெட்ஸ் என்பது சமாதானத்தில் பிரான்ஸ் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஊர். ஆசிரியர் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்ட ஒருத்தி, தனக்கென்று ஒரு மூலையில் வைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

புருஷன் போன பிறகு தடை ஒன்றுமில்லை. நெமூர் காலில் விழுகிறான். அவள் தன் காதலை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, மணக்க மாட்டேன் என்கிறாள். அவன் தன் புருஷனின் சாவுக்குக் காரணம் என்பது ஒன்று. கலியாணத்துக்குப் பிறகு அவன் காதல் தேய்ந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தைப் படித்துவிட்டு, இவளுக்கு ரத்தம் சூடே கிடையாதா என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரத் துணுக்கு. நிஜமான நெமூர் பிரபு, பிரான்ஸ்வாஸ் த ரோஹான் என்ற பெண்ணை மணப்பதாகச் சொல்லி, அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு கைவிட்டவன். அவள் வழக்குப் போட்டு வருஷக்கணக்காகப் போராடினாள். அவன் 1566-இல் கீஸ் பிரபுவின் விதவையை மணந்தான். நாவலில் இதைப்பற்றி ஒரு மூச்சும் இல்லை. பிரபு வம்சங்களின் கதை தெரிந்த அந்தக் காலத்து வாசகர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். வாக்குக் கொடுப்பதில் நெமூர் எப்படிப்பட்டவன் என்று கதாநாயகிக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே சரியாகக் கணித்துவிட்டாள்.

இந்த நாவலுக்கு எதிரிகள் இன்றும் குறையவில்லை. 2006-இல் பிரெஞ்சு மந்திரி ஒருவர், பின்னால் ஜனாதிபதியானவர், அரசாங்கப் பரீட்சையில் இதைப்பற்றிக் கேள்வி கேட்பது அசட்டுத்தனம் என்று பரிகாசம் செய்தார். 2009-இல் ஆசிரியர்களும் மாணவர்களும் பாரிஸ் வீதியில் நின்று புஸ்தகத்தை உரக்கப் படித்து எதிர்ப்புக் காட்டினார்கள். மைக் முன்னால் ஒருவர் மாற்றி ஒருவராகப் படித்தார்களாம். ஆரம்பத்துச் சமாதானப் பக்கங்களையும் விடாமல் படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நண்பரிடம் புஸ்தகத்தைத் திரும்பக் கொடுத்து, கடைசிப் பக்கங்களை இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். புது ராஜா தன் சகோதரி எலிஸபெத்தை வழியனுப்ப, பரிவாரத்தோடு பிரான்சின் மேற்கே பொவாத்தூ வரை போகிறான். நெமூர் கூடவே போயாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்து கிளேவ் இளவரசி பாரிஸை விட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். பிரனீஸ் மலைப்பக்கம் அவளுக்குப் பெரிய நிலங்கள் இருக்கின்றன, அங்கே போகிறாள். நோய்வாய்ப்பட்டுப் பிழைக்கிறாள். பிறகு வருஷத்தில் ஒரு பாதி கன்னிமாடத்திலும் மறுபாதி தன் வீட்டிலுமாக இருந்து, அதிக நாள் வாழாமல் இறந்துபோகிறாள். நெமூர் ஒருமுறை தேடி வந்தும் அவள் பார்க்கவில்லை.

எலிஸபெத் 1560 ஜனவரியில், நல்ல குளிரில், அதே பிரனீஸ் மலையைத் தாண்டினாள். எல்லையில் பிரெஞ்சுப் பிரபுக்கள் அவளை ஸ்பானியப் பிரபுக்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் 1568-இல், 23 வயதில் இறந்தாள்.